தேசிக்காயோ, பாலோ

அக்கா எதையும் பெருவிரலால் அமத்திப் பார்க்காமல் நம்பமாட்டார். சந்தையில் மாம்பழம், கடையில் பாண், பிள்ளைகளின் சப்பாத்து நுனி, விருந்துக்குப் போன வீட்டில் சோபா, எதுவானாலும் முதலில் அந்த விரல் போகும். கண்ணால் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாங்கள் இருக்கும் கிரான்பர்னில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் அவர் பாண் தட்டின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக அமத்திக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை செய்த ஒரு பெட்டை வந்து, "உங்களுக்கு உதவி ஏதும் வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நிறுத்தச் சொல்லும் குரல் அது. ஆனாலும் அவள் சொன்ன சொல்லைத்தான் நான் அக்காவுக்குச் சொன்னேன்.

"உதவி வேண்டாம், என்ரை விரல் காணும் எண்டு சொல்லு," என்றார் அக்கா.

அதையும் அப்படியே சொன்னேன். அந்தப் பெட்டை சிரித்துவிட்டாள்.

சொல்லை அப்படியே சொல்வது அப்போது என் தொழில். ஆஸ்பத்திரிகளிலும் நீதிமன்றங்களிலும் விசா விசாரணைகளிலும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. எதிரில் இருப்பவர் "நான்" என்று சொன்னால் நாமும் "நான்" என்றே சொல்லவேண்டும். "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. அப்படிச் சொன்ன உடனேயே நாம் நடுவில் வந்து நின்றுவிடுகிறோம் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள்.

அக்காவின் இரத்த அழுத்தத்துக்காக டொக்டரிடம் போகும்போதும் பழக்கதோஷத்தில் அப்படியே செய்வேன். டொக்டர் ஒரு இளம் பெண். "நான் போன மாதம் பிள்ளைப்பேற்று லீவிலை நிண்டனான், அதுதான் உங்களைப் பாக்கேல்லை," என்று நான் தமிழில் சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சுகமாப் பெத்தனியோடா தம்பி?" என்று கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். டொக்டரும் சிரித்தார். வீடு வரும் வரை காரில் அக்கா என்னைப் "பிள்ளைத்தாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் "நான்" என்று சொல்லாத ஒரு நாளைப்பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அக்கா கலியாணம் கட்டவில்லை. எங்கள் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, நானும் மனைவியும் வேலைக்குப் போவதால், அவரை ஊரிலிருந்து இங்கே கூப்பிட்டோம். வந்தவர் நின்றுவிட்டார். கிரான்பர்னில் புது வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று பால் காய்ச்சியதும் அவர்தான். புதுச் சட்டியில் பால் வைத்து, அது பொங்கி அடுப்பெல்லாம் வழியும் வரை எல்லோரும் கைகூப்பிக்கொண்டு நின்றோம். பால் தீய்ந்து புகை அலாரம் அலறியது. மனைவி அடுப்பை நிறுத்தப் போக, அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"பொறும் மச்சாள். வழிஞ்சாத்தான் வீடு. அடுப்பைப் பிறகு துடைக்கலாம்."

பிறகு ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவர்களைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். "தம்பி, இதுக்குள்ளை ஒண்டுமில்லையடா. பிஸ்கட் பெட்டி," என்றார். இந்த ஊர் வீட்டுச் சுவர்கள் அப்படித்தான் என்று நான் விளங்கப்படுத்தினேன். அவர் சிரித்தார்.

அந்த வீட்டில் அக்காவுக்குக் கிடைத்தது வீட்டுப் படத்தில் "ஸ்டடி" என்று எழுதியிருந்த அறை. அதற்குத் தள்ளுகதவு. பூட்டு இல்லை. கட்டிலோடு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அயர்ன் பண்ணும் மேசையும் அங்கேதான் இருந்தன. மகளுக்குப் பாடசாலை வேலை பிரிண்ட் எடுக்கவேண்டும், மகனுக்குச் சட்டை மினுக்கவேண்டும், எனக்கு ஏதோ ஒரு பத்திரம் தேடவேண்டும். கதவைத் தட்டும் பழக்கம் எங்கள் ஒருவருக்கும் இல்லை. அக்கா சில நேரம் சேலை மாற்றிக்கொண்டு நிற்பார். தலைப்பை இழுத்துக்கொண்டு, "வா வா, எடு," என்பார். முறைப்பாடு ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததால் முறைப்பாடு இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு இலையுதிர் காலத்தில், காலை நடை முடிந்து வந்த அக்கா குசினிக் கதிரையில் சப்பாத்தோடு உட்கார்ந்தார். வழக்கமாகச் சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வரமாட்டார்.

"தம்பி, அங்காலை றோட்டிலை ஒரு வீட்டு வாசல்லை வடிவான வண்டில் ஒண்டு நிக்குது. முட்டை மாதிரி. அதென்ன வண்டில்?"

எனக்கு அது தெரியும். மேல்பாதி பால் நிறம், கீழ்ப்பாதி இளம் பச்சை, வட்டமான சின்ன யன்னல். விற்பனைக்கு என்று அட்டை தொங்கியது.

"அது கரவன், அக்கா. காருக்குப் பின்னாலை கொழுவி இழுத்துக்கொண்டு ஊர் பாக்கப் போறது."

"பழசோ?"

"பழசு மாதிரிப் புதுசாச் செய்தது. ஆனால் பாவிச்சது."

"அப்ப பழசு மாதிரிப் புதுசு, இப்ப உண்மையாவே பழசு. என்னைப்போல எண்டு சொல்லன்." குனிந்து சப்பாத்து நாடாவை இளக்கினார். "உள்ளுக்கை ஆள் படுக்கலாமோ?"

"ஓம். கட்டில், அடுப்பு, சின்னப் பிரிட்ஜ் எல்லாம் இருக்கும்."

"கதவு பூட்டலாமோ?"

"பூட்டலாம்."

"உள்ளுக்கையிருந்தோ?"

அந்தக் கேள்வி கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பெருவிரலால் அமத்திக்கொண்டிருந்தார். அவர் ஊர் பார்க்கக் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே விளங்கியது. கராஜுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்ச நிலம் சும்மா கிடந்தது. அதை அவர் ஏற்கனவே யோசித்து வைத்திருந்தார். காசு அவரிடம் இருந்தது. என்னிடம் கேட்டது ஆங்கிலம் மட்டும்.

மகளுக்குச் சந்தோஷம். "மாமி, இட்ஸ் ஸோ க்யூட்!" என்று குதித்தாள். மனைவிக்குச் சந்தோஷமில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "நாலு சனம் சாப்பாட்டுக்கு வந்து மச்சாள் எங்கையெண்டு கேட்டா, வெளியிலை வண்டிலுக்கை எண்டு சொல்லுறதோ?" என்று கேட்டாள். அவள் மேல் பழி போட இதை எழுதவில்லை. அவள் சொன்னது என் மனதில் ஏற்கனவே இருந்ததுதான். தமக்கையைக் கொண்டுவந்து பிள்ளை வளர்க்க வைத்துவிட்டு, பிள்ளை வளர்ந்ததும் வளவுக்குள் தள்ளிவிட்டான் என்று சனம் கதைக்கும். கோயிலில் கதைக்கும், சாமத்தியச் சடங்கு வீட்டில் கதைக்கும். அக்காவுக்கு ஒரு கதவு வேண்டும் என்பதைவிட, அந்தக் கதை எனக்குப் பெரிதாக இருந்தது.

குளிரும் என்று சொல்லிப் பார்த்தேன். "கம்பளி இருக்கு," என்றார். கவுன்சிலில் அனுமதி கேட்கவேண்டும் என்றேன். "கேள்," என்றார். நான் கேட்கவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நடக்கக்கூடிய தூரம். ஆனாலும் காரில் போவோம் என்றார். மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தார்.

போகும் வழியில் கேட்டார்: "தம்பி, இதுக்குத் தேசிக்காயோ, பாலோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்தேன். புது வாகனம் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து ஓட்டுவோம். வீடென்றால் பால் காய்ச்சுவோம்.

"சில்லு இருக்கு. தேசிக்காய்தான்," என்றேன்.

"அடுப்பிருக்கெண்டு சொன்னனி."

"இருக்கு."

"அடுப்பிருந்தாப் பால்தானே," என்றார்.

கரவனை விற்றவர் ஒரு வெள்ளைக்கார மனிதர். அப்போது அவருக்கு என் இன்றைய வயது இருக்கும். மனைவி இறந்துவிட்டதால் இனித் தனியே ஊர் சுற்ற மனமில்லை என்றார். நான் அக்காவிடம், "என்ரை மனுசி போனபிறகு எனக்குத் தனியப் போக மனமில்லை," என்றேன். அக்கா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவரும் ஆட்டினார். அன்று அதுவரை நான் நல்ல மொழிபெயர்ப்பாளன்தான்.

அவர் ஒளிக்காமல் சொன்னார். டயர் பழசு, மாற்றவேண்டும். பிரிட்ஜ் குளிர நேரமெடுக்கும். முன் யன்னலுக்குக் கீழே முன்பொருமுறை தண்ணீர் கசிந்தது, பலகையை மாற்றிக் கூரைப் பொருத்தை அடைத்தாயிற்று, இப்போது கரவனின் உள்நிலம் நன்றாகக் காய்ந்திருக்கிறது. மெத்தையைத் தூக்கியும் காட்டினார். அக்கா உள்ளே ஏறி, கட்டிலில் உட்கார்ந்து, அடுப்பு மூடியைத் திறந்து பார்த்து, கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து தாழ் விழும் சத்தம் கேட்டது. பிறகு திறந்து தலையை நீட்டி, "என்ன சொல்லுறார்?" என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் இந்த நாட்டில் கண்டதில்லை.

நான் சொன்னேன்: "அவர் சொல்லுறார், நிலம் உக்கிப்போச்சாம் அக்கா. மழைத்தண்ணி போய்ப் பலகையெல்லாம் உக்கிப்போச்சாம். ஆள் இருக்கப் பாதுகாப்பில்லையாம்."

அக்கா முழங்காலை ஊன்றி, மூலையில் நிலத்தைப் பெருவிரலால் அமத்தினார். யன்னலுக்குக் கீழே சுவரை அமத்தினார். இடம் மாற்றி மாற்றி அமத்தினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரோ சொல்லுறார்?"

"ஓம்."

"சரி."

அந்த மனிதரிடம் ஆங்கிலத்தில், இடம் சின்னது என்று என் சகோதரி நினைக்கிறார் என்றேன். இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் பொய். அவர் கரவனைப் பார்த்தார். "சின்னதுதான். ஒருவருக்குக் காணும்," என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா குசினிக்குப் போய்த் துணிப்பையைத் திறந்தார். நான் கதவடியில் நின்று பார்த்தேன். பைக்குள் ஒரு புதுச் சின்னச் சட்டி இருந்தது. ஒரு போத்தல் பால் இருந்தது. சட்டியை அலுமாரிக்குள்ளும் பாலைப் பிரிட்ஜுக்குள்ளும் வைத்துவிட்டு, "சாப்பிடுவமோ?" என்று கேட்டார்.

அதன்பிறகு அவர் அந்தக் கரவனைப்பற்றி வாயே திறக்கவில்லை. முகம் மாறவில்லை, சமையல் மாறவில்லை. காலை நடை மட்டும் கொஞ்சம் நீண்டது. நல்லது, உடம்புக்கு நல்லது என்று நான் நினைத்தேன்.

அந்த ஆண்டு முடியுமுன் அவருடைய தள்ளுகதவை எடுத்துவிட்டுச் சாதாரணக் கதவு போட்டு, உள்ளேயிருந்து பூட்டத் தாழும் வைத்துக் கொடுத்தேன். பிரிண்டரையும் அயர்ன் மேசையையும் வெளியே எடுத்தேன். அக்கா புதுக்கதவைப் பெருவிரலால் அமத்திப் பார்த்து, "நல்ல கதவு," என்றார். ஒரு நாளும் அதைப் பூட்டவில்லை. பிள்ளைகள் அப்போது தட்டிவிட்டுத்தான் போனார்கள். "பூட்டேல்லை, வா," என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஏன் பூட்டவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "இனி என்னத்துக்குத் தம்பி?" என்றார்.

அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கால்கள் வீங்கியிருந்தன. டொக்டர் அமத்திப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா குனிந்து தானும் ஒருமுறை அமத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அதை வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது மெய்யாவே உக்கிப்போச்சடா," என்றார்.

"மெய்யாவே" என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னாரா, நான்தான் அப்படிக் கேட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். டொக்டர் என்ன சொன்னார் என்று அக்கா கேட்டார். சொன்னேன், ஒரு சொல்லும் மாற்றாமல்.

இனி மிச்சத்தையும் சொல்லவேண்டும். இது அந்தப் புதுக்கதவு போடுவதற்கு முந்திய வாரம் நடந்தது. வேலை முடிந்து வரும்போது அந்த வீதியால் வந்தேன். கரவன் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. புல் மஞ்சளாகி, அதன் அடித்தளத்தின் அளவுக்கு ஒரு கட்டம் தெரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒளிக்கவில்லை. காரை மெதுவாக்கினேன். அந்த மனிதர் தண்ணீர்க் குழாயோடு முற்றத்தில் நின்றார். என்னை அடையாளம் கண்டு கை காட்டினார். இறங்கவேண்டியதாயிற்று.

அவர் சொன்னதை என் தொழில் விதிப்படி இங்கே தருகிறேன்.

"நான் அதை நேற்றுக் கொடுத்துவிட்டேன். ஒரு இளம் சோடி, வடக்கே போகிறார்கள். உன் சகோதரியிடம் சொல்ல எனக்குச் சொல் தெரியவில்லை, நீ சொல்லிவிடு. நான் அவளை எதிர்பார்க்கவே இல்லை. நீங்கள் இருவரும் வந்துபோன மறுநாள் காலை தனியே வந்தாள். பையைக் காட்டினாள், கரவனைக் காட்டினாள். நான் திறந்துவிட்டேன். அதற்குப் பிறகு அநேகமாக ஒவ்வொரு காலையும் வந்தாள். உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்வாள். சத்தமே இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வருவாள், சுவரை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு அந்தப் பெருவிரலை எனக்குக் காட்டுவாள். நானும் என் பெருவிரலைக் காட்டுவேன். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. அவளுக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். ஏன் வாங்கவில்லை என்றுதான் விளங்கவில்லை.

"இன்னொன்று. சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். நீ அவளை ஒரு டொக்டரிடம் காட்டவேண்டும். அந்த முதல் நாள் அவள் அடுப்பில் பால் வைத்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிகிறது, அவள் நிறுத்தவில்லை. நான் கத்தினேன். அவள் கையைக் கூப்பிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பெல்லாம் பால், நிலமெல்லாம் பால். தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாதவள் மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு எனக்கு ஒரு கோப்பை தந்தாள். அடுப்பைத் தானே துடைத்தாள், வடிவாகத் துடைத்தாள். ஆனாலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது."

அவர் என் பதிலுக்குக் காத்திருந்தார். "அவவுக்குத் தெரியும்," என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னேன்.

வீட்டுக்குப் போனபோது அக்கா குசினியில் நின்றார்.

"ஏன் தம்பி இவ்வளவு சுணங்கினனி?"

"ட்ராபிக் அக்கா," என்றேன்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, பிரிட்ஜைத் திறந்து பாலை எடுத்தார்.

"பால் கூடுதலா விடவோ?"

"ஓம் அக்கா," என்றேன். "கொஞ்சம் கூட விடுங்கோ."